இரண்டாவது பேட்ச் பார்த்த நாடகம்

நாடகங்களைத் தொகுத்துச் சொந்தமாகப் புத்தகம் போடுவது எப்படி என்று இப்போதெல்லாம் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். நான் போட்டது ஒன்றே ஒன்று. ஒரு கல்யாணத்தை முடித்து வைத்தவளை ஊரே தரகர் என்று கூப்பிடுவது போலத்தான் இது. ஆனாலும் கேட்டவர்களுக்குச் சொல்லாமல் அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. சொல்லிக்கொடுப்பதற்குத்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினேன்.

என் பெயர் கஸ்தூரி. மாதனூர்க்காரி. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், ட்ரெய்னிங் சூப்பர்வைசராக எழுந்து வந்தேன். நடுவில் உள்ளது எல்லோருக்கும் உள்ள கதைதான். விடியலில் கம்பெனி பஸ், முதல் மாதம் விரலில் ஊசி, அடுத்த மாதம் இடுப்பு வலி, அதற்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு. அதைத் தாண்டி வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தாண்டாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது. விட்டுவிடுகிறேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா நல்ல பெண். படித்த பெண். நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள் போன் செய்தாள்.

"மேடம், கேன்டீன்ல டிவி மாட்டிட்டாங்க. ட்ரெய்னிங் எல்லாம் இப்போ வீடியோதான்."

"நல்லதுதானே. டிவிக்குத் தொண்டை கட்டாது."

"ஓடுது மேடம், யாரு பார்க்கறாங்க? அது பாட்டுக்கு ஓடுது, இவங்க பாட்டுக்கு உங்க நாடகத்தைப் பத்திப் பேசினு சாப்பிடறாங்க. எழுதி வெச்சிருக்கீங்க இல்ல? குடுங்க, புக்கா போட்டுடலாம்."

எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதில் பாதி நாடகம்தான் இருந்தது. மீதிப் பாதி எங்கே போனது என்று சொல்ல வேண்டுமானால் இக்பால் சாரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இக்பால் சார் எங்கள் பெர்சனல் மேனேஜர், ஆள் எடுப்பதும் மெமோ கொடுப்பதும் அவர்தான். ஒல்லியான மனிதர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மற்ற மேனேஜர்கள் கத்தும்போது அடுத்த லைனில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். இவர் மெல்லப் பேசினால் மெஷின் நின்றுவிடும், என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காக. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, பசை ஒட்டும் மேஜையில் யாரும் மாஸ்க் போடுவதில்லை என்றார்.

"நோட்டீஸ் ஒட்டினேன், படிக்கல. நீ கிளாஸ் எடுத்தே, தூங்கினாங்க. ஆனா போன வாரம் பஸ்ல சீட்டுக்கு ரெண்டு பேர் சண்டை போட்டப்ப மொத்த பஸ்ஸும் எழுந்து நின்னு பார்த்துச்சாம். அப்ப இன்னா பண்ணலாம்?"

"இன்னா சார் பண்ணலாம்?"

"சண்டை போடு."

அப்படித்தான் முதல் நாடகம் பிறந்தது. மாஸ்க் போடாத மருமகளும், போடச் சொல்லும் மாமியாரும் கேன்டீனில் சோற்றுத் தட்டோடு போட்ட சண்டை. கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. இக்பால் சார் கை கழுவும் குழாய் அருகே நின்று பார்த்தார். அவர் எப்போதும் அங்கேதான் நிற்பார், உட்கார மாட்டார். முடிந்ததும் என்னிடம் வரவில்லை. கூட்டத்தில் யார் குறைவாகச் சிரித்தார்களோ அவரிடம் போய், "இன்னா புரிஞ்சுது?" என்று கேட்டார். அந்தப் பெண் சரியாகச் சொன்னால் தலையாட்டுவார். திருதிருவென்று விழித்தால் என்னைப் பார்த்து, "நல்லா இருந்தது கஸ்தூரிம்மா. ஆனா நாடகம் இன்னும் முடியல" என்பார். அவ்வளவுதான் அவர் விமர்சனம். அதற்குப் பயந்து நான் திருத்தி எழுதியது கொஞ்சநஞ்சமல்ல.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார இடமில்லை. அதனால் முதல் பேட்ச், இரண்டாவது பேட்ச் என்று வருவார்கள். ஒரே நாடகத்தை இரண்டு தடவை போடுவோம். முதல் பேட்ச் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பும். இரண்டாவது பேட்ச் எழுந்து வரும். அந்த நடைவழியிலேயே கதை கைமாறிவிடும். யார் யாரை ஏமாற்றுகிறாள், முடிவில் என்ன ஆகிறது, எல்லாம் தெரிந்துகொண்டுதான் இரண்டாவது பேட்ச் வந்து உட்காரும். தெரிந்த கதைக்கு யார் சும்மா இருப்பார்கள்? "அவ பொய் சொல்றா, நம்பாத!" என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். நடிக்கிறவள் அதற்குப் பதில் சொல்வாள். அந்தப் பதிலுக்கு இன்னொருத்தி எழுந்து பதில் சொல்வாள். நான் ராப்பகலாக எழுதியது முதல் பேட்ச்சோடு சரி. இரண்டாவது பேட்ச்சில் என் நாடகம் எங்கெங்கோ போய் வேறு எதுவாகவோ வந்து நிற்கும்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கத்தை விட்டு ஒப்புக்கொண்டேன், இரண்டாவதுதான் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் இரண்டாவது பேட்ச்சில் யாராவது நடிக்க ஆசைப்பட்டால் இடம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. முதல் பேட்ச்சில் நடித்தவளும் நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

இனி ஊசி விஷயம். தோல் தைக்கிற இடத்தில் ஊசி உடைவது ஒன்றும் அதிசயமில்லை. உடைந்தால் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசி உடைந்தவுடன் மெஷினை நிறுத்த வேண்டும். கையைத் தூக்க வேண்டும். இருந்த இடத்தை விட்டு எழக் கூடாது, ஏனென்றால் துண்டு மடியில் கிடக்கலாம். காந்தத்தை வைத்து மேஜை, மடி, தரை என்று வரிசையாகத் தேட வேண்டும். எல்லாத் துண்டையும் ஊசி அலமாரிக்கு எடுத்துப்போனால், அங்கே இருப்பவர் அவற்றை ஓர் அட்டையில் முழு ஊசியாகப் பொருத்தி டேப் ஒட்டிப் பார்ப்பார். முழுசாக இருந்தால்தான் புது ஊசி. ஒரு கடுகளவு முனை குறைந்தாலும், அந்த நேரத்தில் அந்த மெஷினைத் தாண்டிப்போன அப்பர் அத்தனையும், அதாவது ஷூவின் மேல்பாகம் அத்தனையும், திரும்பி வர வேண்டும். லைன் நின்றுவிடும். அன்றைய டார்கெட் போச்சு, பஸ் லேட், அத்தனை பேர் முகத்திலும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அந்தப் பயத்திலேயே சிலர் மறைத்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு நாடகம் வேண்டும் என்று இக்பால் சார் சொன்னார். அப்போது ஓடிக்கொண்டிருந்தது சின்னக் குழந்தைகளுக்கான ஷூ, பக்கிள் வைத்தது. பக்கிள் வைத்துவிட்டால் உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினால் பிரயோஜனமில்லை, எல்லாவற்றுக்கும் கூவும். அதனால் பக்கிளுக்கு முன்னாலேயே சோதித்துவிடுவார்கள். பக்கிள் பட்டியைத் தைக்கும்போது ஊசி உடைந்தால், அந்த மெஷின்காரி வாயைத் திறந்து சொல்வது ஒன்றுதான் காவல்.

நான் எழுதிய நாடகத்தில் ராணி என்று ஒரு பெண். முனை கிடைக்காததை மறைக்கிறாள். சூப்பர்வைசர் கேட்கும்போது, "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்கிறாள். கடைசியில் எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் புது ஷூ மாட்டுகிறாள், பிள்ளை வீறிட்டு அலறுகிறது. முதல் பேட்ச் பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் எழுந்து போனது. எனக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டாவது பேட்ச் வந்து உட்கார்ந்தபோது நஸ்ரீன் என் முன்னால் வந்து நின்றாள். நாலாவது லைனில் புதிதாகச் சேர்ந்த பெண். வேலை நிரந்தரமாகவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"அக்கா, அந்த ராணியா நான் நடிக்கட்டுமா?"

"கதை தெரியுமா?"

"தெரியும் அக்கா."

நடைவழியில் கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஏப்ரனைச் சரிசெய்துவிட்டு நடுவில் போய் நின்றாள். சூப்பர்வைசராக நடித்தது சரோஜா. அவளும் நாலாவது லைன்தான், எங்கள் பழைய கை. சரோஜா வழக்கம்போல இடுப்பில் கை வைத்து, "இன்னா ராணி, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள். நஸ்ரீன் சொல்ல வேண்டியது ஒரே வரி. அவள் சொன்னது இது:

"சரியா இல்ல மேடம். நாலாவது லைன். நேத்து சாயங்காலம், பஸ் ஹாரன் அடிக்கிற நேரம். பக்கிள் பட்டி தைக்கறப்ப ஊசி உடைஞ்சுது. முனை கிடைக்கல. டிராயர்ல எப்பவோ யாரோ போட்ட பழைய முனை ஒண்ணு கிடந்துச்சு. அத சேர்த்துக் குடுத்தேன். பொருந்திடுச்சு மேடம். அதான் பயமா இருக்கு. வீட்டுக்குப் போனா என் அக்கா புள்ள மடியில ஏறி உட்கார்ந்துச்சு. அதோட காலப் பார்த்துனே இருந்தேன். அந்த ஷூ அதோட சைஸு."

என்னமாய் நடிக்கிறாள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு அவள் கையைப் பார்த்தேன். ஏப்ரனைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. இது நடிப்பில்லை. அதற்குள் பின் மேஜையில் யாரோ கைதட்டினார்கள். உடனே அடுத்த மேஜை. பிறகு மொத்தக் கேன்டீனும். அப்படி ஒரு கைதட்டலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அதன் நடுவில் அந்தச் சின்னப் பெண் அசையாமல் நின்றாள். அந்த வயதில், அந்த நிலைமையில், அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இக்பால் சார் குழாயைத் திறந்து கை கழுவினார். அவர் கேன்டீனில் சாப்பிடுகிறவர் அல்ல, கழுவ ஒன்றுமில்லை. கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு நஸ்ரீனிடம் வந்தார்.

"இந்த வசனம் கஸ்தூரி எழுதினதா?"

"இல்ல சார்."

"நல்லா இருந்துச்சு. போய் சாப்பிடு."

பிறகு என் பக்கம் திரும்பி, "நாடகம் முடிஞ்சுது கஸ்தூரிம்மா" என்றார். நான் காது குளிரக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.

அந்த அப்பர்கள் எல்லாம் அன்று பிற்பகல் அடிப்பாகம் ஒட்டுகிற பிரிவுக்குப் போக இருந்தன. போய்விட்டால் எல்லாம் மூடிவிடும், கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. சார் தன் அறைக்குப் போய் போனை எடுத்தார். நாலாவது லைன் பக்கிள்களில் துரு தெரிகிறது, அத்தனையும் பிரிக்க வேண்டும், பிரித்ததை மறுபடி உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினில் சோதித்து அனுப்ப வேண்டும் என்றார். போனை வைத்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"சார், அந்தப் பொண்ணுக்கு மெமோ...?"

"இன்னாத்துக்கு?"

"அவ சொன்னது..."

"நாடகத்துல பேசின வசனத்துக்கு எப்படிம்மா மெமோ குடுக்கறது? அப்ப போன மாசம் குடிகாரனா நடிச்சானே கட்டிங் செக்ஷன் பையன், அவனையும் டிஸ்மிஸ் பண்ணணும்."

நாலாவது லைன் பிற்பகல் முழுவதும் பக்கிள் பிரித்தது. பஸ்கள் காத்திருந்தன. அன்று ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. சாதாரணமாக ஐந்து நிமிஷம் லேட்டானாலே கம்பெனியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். கடைசி ரேக்கில் ஒரு அப்பருக்கு மெஷின் கூவியது. கணுக்காலைச் சுற்றி வைத்த பஞ்சுக்குள், குழந்தையின் கால் சரியாக உரசுகிற இடத்தில், முனை இருந்தது. சார் அதைக் காந்தத்தில் எடுத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உடைந்த ஊசி போடும் பூட்டிய பெட்டியில் தன் கையால் போட்டார். அவ்வளவுதான். அந்த உண்மை சாருக்கும் எனக்கும் நஸ்ரீனுக்கும் மட்டும் தெரியும் என்று அன்றிலிருந்து நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நஸ்ரீனின் வேலை நிரந்தரமானது. வருஷங்கள் போயின. இன்று ஊசி அலமாரியின் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஊசி நஸ்ரீன் என்றால்தான் தெரியும். அவளிடம் துண்டு குறைத்துப் புது ஊசி வாங்க ஆண்டவனே வந்தாலும் நடக்காது.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். நாடகப் புத்தகம் போட நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சென்னையில் ஒரு பதிப்பகக்காரரிடம் பேசினேன். அட்டை, வெளியீட்டு விழா, பொன்னாடை, போட்டோ எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் என்றார். "மேடம், நாடகம் போகாது. சிறுகதையா மாத்திக் குடுங்களேன்" என்றும் சொன்னார். கும்பிடு போட்டு போனை வைத்தேன்.

அடுத்து திவ்யா ஒரு வழி காட்டினாள். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும், யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஒரு பிரதி மட்டும் அச்சாகி வீட்டுக்கே போகும். கட்டிலுக்கு அடியில் புத்தகக் கட்டுகள் தூங்க வேண்டாம். நல்ல ஏற்பாடு, படிக்கிற புத்தகத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அப்படி வந்த ஒரு புத்தகத்தை ஒரு பெண்ணிடம் கொடுத்து, ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடித்துக் காட்டச் சொன்னேன். முதுகில் பசை போட்ட புத்தகம். பட்டென்று மூடிக்கொண்டது. நடிக்கிறவளுக்கு ஒரு கை சும்மா இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்படி இடுப்பில் கை வைத்துச் சண்டை போடுவாள்?

அதனால் ஒவ்வொரு நாடகத்தையும் நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகமாக, பெரிய எழுத்தில் போடுவது, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்துத் தொகுப்பாக்குவது என்று முடிவு செய்தேன். பெட்டிக்குப் பஞ்சமா? ஆம்பூரில் ஷூ பெட்டி செய்கிறவரிடமே சொன்னேன். உள்ளே ஷூ இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அச்சடித்தது வேலூரில். அங்கே போனபிறகுதான் பெரிய கேள்வி வந்தது. எந்த நாடகத்தை அச்சடிப்பது? நான் எழுதியதையா, இரண்டாவது பேட்ச் ஆக்கியதையா? யோசித்து யோசித்துக் கடைசியில் இரண்டையும் போடுவது என்று தீர்மானித்தேன். இடது பக்கம் முதல் பேட்ச், வலது பக்கம் இரண்டாவது பேட்ச். அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். "ஒரே கதைய ரெண்டு தடவையா? பேஜாரு மேடம், பேப்பர் ஜாஸ்தி ஆகும்." ஆகட்டும் என்றேன். ஆசிரியர் பெயரிலும் அப்படியே போடச் சொன்னேன். இடது பக்கம் கஸ்தூரி, வலது பக்கம் இரண்டாவது பேட்ச்.

ஊசி நாடகத்தின் வலது பக்கத்துக்கு நஸ்ரீனிடம் கேட்காமல் எப்படிப் போடுவது? ஆம்பூரில் அவள் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேணாம் அக்கா. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு ஊசி ரூல் நான்தான் சொல்லித்தர்றேன். ஒரு முனை கம்மியா இருந்தாலும் திருப்பி அனுப்பறேன். அதே வாயால நானே ஏமாத்தினேன்னு புக்குல வந்தா, அந்தப் பொண்ணுங்க என் மூஞ்சிய எப்படிப் பார்ப்பாங்க?"

"உன் பேரு வராது நஸ்ரீன். ராணின்னுதான் வரும்."

"எனக்குத் தெரியுமே அக்கா."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இக்பால் சாருக்கு போன் செய்து யோசனை கேட்டேன். வாணியம்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். அன்று இரண்டாவது பேட்ச்சில் நடந்ததைப் போடலாமா சார் என்று கத்திக் கேட்டேன். "நான் பார்த்தது நாடகம்மா. வேற இன்னா பார்த்தேன்?" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் போனில்கூட அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வலது பக்கத்தைக் காலியாக விடச் சொல்லிவிட்டேன்.

அச்சுக்கு முன் ப்ரூஃப் திருத்த வேண்டும். நாடகத்தைக் கண்ணால் திருத்த முடியாது, வாயால்தான் திருத்த வேண்டும். பழைய இரண்டாவது பேட்ச் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதனூரில் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். சரோஜா தலைமையில் ஒரு பட்டாளமே வேகவைத்த வேர்க்கடலையோடு வந்து இறங்கியது. நஸ்ரீனும் வந்தாள். மற்ற நாடகங்களிலும் அவள் நடித்திருக்கிறாளே. அந்தப் பக்கம் காலி என்று சொன்னபிறகுதான் வரச் சம்மதித்தாள்.

ஆளுக்கொரு வேஷமாக எடுத்துக்கொண்டு சத்தமாகப் படித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையென்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். விட்டுப்போன வசனங்களை அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிச் சேர்த்தேன். கடைசியாக ஊசி நாடகம். இடது பக்கம் முடிந்து வலது பக்கத்துக்கு வந்ததும் சரோஜா தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னா கஸ்தூரி, இங்க ஒண்ணும் காணோம்?"

"அது எனக்கு ஞாபகம் வரல சரோஜா."

"உனக்கா? ஞாபகம் வரலியா?"

நஸ்ரீன் கடலைத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேச்சை மாற்றுவதற்குள் சரோஜா ஆரம்பித்துவிட்டாள். "சரியா இல்ல மேடம். நாலாவது லைன். நேத்து சாயங்காலம்..." கதவோரம் இருந்த பெண் தொடர்ந்தாள், "பஸ் ஹாரன் அடிக்கிற நேரம்." அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். ஒரு சொல் மாறவில்லை. அந்த ஷூ அதோட சைஸு என்றுதான் முடித்தார்கள். என் வசனங்களை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் மறுவாரம் மறந்து போகிறவர்கள் இவர்கள்.

நஸ்ரீன்தான் கேட்டாள்.

"எப்டி சரோஜாக்கா, இவ்ளோ வருஷம் கழிச்சு..."

"நாடக வசனமா இருந்தா மறந்திருப்போம் நஸ்ரீனு."

சரோஜாவே மேலே சொன்னாள், கடலையை உரித்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில்.

"பக்கத்து மெஷின்ல நான் இல்லியா? நீ குனிஞ்சு குனிஞ்சு தேடினத பார்த்தேன். கேக்கல, அது என் தப்பு. மறுநாள் என் எதிர்ல நின்னு நீ சொல்றே, உன் கை உதறுது. இவ இன்னிக்கே வெளிய போய்டுவாளேன்னு நெனச்சேன். பின்னால நம்ம லைன் பொண்ணுங்க உட்கார்ந்துனு இருந்தாங்க. கண்ணு காட்டினேன். தட்டினாங்க."

"எதுக்குக்கா தட்டினீங்க?"

"தட்டலன்னா அது நெசமாய்டுமேடி. தட்டினாத்தானே நாடகம்."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "அப்ப சார் சொன்ன அந்தத் துரு? அத நீங்க நம்பலியா?"

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "துருவா? கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. நாங்கதானே பிரிச்சோம்!"

அத்தனை பெண்கள். பளபளக்கிற பக்கிளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு, துரு இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பஸ் காத்திருக்க, ஒரு சொல் பேசாமல். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லவில்லை, அடுத்த லைனில் சொல்லவில்லை, நஸ்ரீன் சாவியை வாங்கி அவர்களையே அதட்டியபோதும் சொல்லவில்லை. ஒரு சேலை எடுத்த சங்கதியை ஒரு மணி நேரம் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் என்று இவர்களைத்தான் நான் வருஷக்கணக்காகக் கேலி செய்திருக்கிறேன். நாடகம் போட்டது நான், அவர்கள் பார்த்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் போட்டதை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது நான்தான்.

நஸ்ரீன் அழவில்லை. எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவி, துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அலமாரியில ஊசி குடுக்கறப்ப உங்க யாரையும் நான் நேரா பார்த்ததே இல்ல சரோஜாக்கா."

"தெரியும். அட்டையைத்தான் பார்ப்பே. நாங்க உன்னைப் பார்த்துனுதான் இருந்தோம்."

நஸ்ரீன் காலி வலது பக்கத்தை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். என் பேனாவைக் கேட்டு வாங்கித் தானே எழுதினாள், மெல்ல, அட்டையில் துண்டு பொருத்துகிற அதே நிதானத்தோடு. எழுதி என்னிடம் நீட்டினாள். வசனம் அப்படியே இருந்தது. லைன் நம்பர்கூட மாறவில்லை.

"போடுங்க அக்கா. புதுப் பொண்ணுங்களுக்கு இனிமே நானே இதப் படிச்சுக் காட்றேன். ஆனா ஒண்ணு. நாடகம் போடறவங்களுக்கு முன்பக்கத்துல இன்னா போட்டிருக்கீங்க?"

யார் வேண்டுமானாலும் போடலாம், என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம், வசனத்தை இஷ்டம்போல மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அதுக்குக் கீழ எழுதுங்க. ஊசி நாடகத்துல அந்தப் பொண்ணு பேசி முடிச்சதும், பார்க்கறவங்க கைதட்டற வரைக்கும் யாரும் அடுத்த வசனம் பேசக் கூடாது."

எழுதினேன். எழுதிவிட்டு, முப்பது வருஷப் பழக்கத்தில், வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"கைதட்டலன்னா அந்தப் பொண்ணு இன்னா பண்ணுவா?"

"தட்டுவாங்க அக்கா" என்றாள் நஸ்ரீன்.